பிளக்ஸ் அடிக்கிற காசும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கத்தில் ஒரு பேரூராட்சியில், மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இ-சேவை ஐடியும் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாங்குகிற மார்க், அவர்களுக்கு ஊர் செய்கிற உதவி, இந்த இரண்டையும் பற்றி உங்கள் நெல்லைப் பதிப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. வருவது நல்லதுதான். ஆனால் கடையில் உட்கார்ந்து நான் பார்க்கிறதும் பேப்பரில் வருகிறதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு தேர்வைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

மே மாதம் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் பஜாரைப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை பிளக்ஸ். பிள்ளையின் படம் ஒரு ஓரத்தில் ஸ்டாம்ப் சைஸுக்கு இருக்கும், வாழ்த்துகிறவர்கள் படம் வரிசையாக மேலே, கீழே, பக்கவாட்டில், போன் காதில் வைத்த மாதிரி ஒருத்தர், கூலிங் கிளாஸோடு ஒருத்தர். அந்தப் பிள்ளை எத்தனை மார்க் என்று கண்டுபிடிக்கக் கிட்டப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று ரேங்க் பட்டியல் போடுகிற பழக்கத்தை அரசாங்கமே 2017-இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனசு நோகிறது, பெற்றோர் போட்டி போடுகிறார்கள் என்று யோசித்து எடுத்த முடிவு. ஊர் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. முதல் மூன்று பேர் தவிர மற்றவர்கள் பரீட்சையே எழுதாதது போலத்தான் நடந்துகொள்கிறோம்.

நன்றாகப் படித்த பிள்ளையை வாழ்த்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வாழ்த்துங்கள், பரிசு கொடுங்கள், அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் வேண்டும்தானே. என் வருத்தமெல்லாம், ஊர் செய்கிற உதவி முழுக்க மார்க் வந்த பிறகுதான் வருகிறது என்பதில்தான். பிள்ளை ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது மாலையோடு வருகிறார்கள். ஓடுகிற வழியில் ஒருத்தரையும் காணோம். எந்த இடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் விழுகிற இடத்தில்தான் என் கடை இருக்கிறது.

என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு என்று பெரிய பெயர். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் எழுதலாம், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் ஒரு தாள், படிப்பறிவு ஒரு தாள், தாளுக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு மொத்தம் 48,000. தமிழ்நாடு முழுவதற்கும் 6695 பேருக்கு இடம். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றுகிற வீட்டில் இந்த 48,000 என்பது, பத்தாம் வகுப்போடு பெண்பிள்ளையை நிறுத்துவதா, பிளஸ் டூ வரை அனுப்புவதா என்கிற பேச்சையே மாற்றிவிடுகிற தொகை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தாய்மார்கள் பேசுவதைக் கேட்டுச் சொல்கிறேன்.

இந்தத் தேர்வில் தேறினதற்கு எங்கள் பஜாரில் ஒரு பிளக்ஸ் பார்த்ததில்லை. உங்கள் பத்திரிகையிலும் ரிசல்ட் வந்த அன்று ஒரு ஓரத்தில் நான்கு வரி வந்தால் அதிகம். மதிப்பெண் பட்டியலில் 590 எடுத்த பிள்ளையை ஊரே கொண்டாடுகிறது, சரி. ஆனால் பதிமூன்று வயதில், மனத்திறன் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத வீட்டிலிருந்து வந்து, மாநிலம் முழுக்க எழுதுகிற பிள்ளைகளோடு போட்டி போட்டு ஓர் இடம் பிடிப்பது அதற்குக் குறைந்த சாதனையா?

அப்புறம் இன்னொன்று. தேறினால் பணம் தானாக வந்துவிடாது. இங்கேதான் நான் சொன்ன விழுகிற இடம்.

தேறின பிள்ளை நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் பதிய வேண்டும். ஆதார் வேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், வருமானச் சான்று வேண்டும். பதிந்ததைப் பள்ளியில் ஒரு தடவை சரிபார்ப்பார்கள், மாவட்டத்தில் ஒரு தடவை சரிபார்ப்பார்கள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டுப்போனால் அந்த வருஷத்துப் பணம் போனது போனதுதான். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் தொடரும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து சதவீதம் தளர்வு. இந்த 60 சதவீதக் கணக்கு எத்தனை வீட்டில் தெரியும்? பாஸானால் போதும் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள்.

பெயர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பள்ளிக்கூடப் பதிவில் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. இசக்கியம்மாள் என்கிற பெயரை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு இசக்கி, அஞ்சு பேச்சியம்மாள், ஆறு சுடலைமுத்து. கம்ப்யூட்டருக்கு இது ஒன்றும் புரியாது, ஒரு எழுத்து மாறினாலும் நீ வேறு ஆள் என்று சொல்லிவிடும். அதைத் திருத்த ஆதார் மையத்துக்கு ஒரு நாள், பாங்குக்கு ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள். ஒரு நாள் பீடி சுற்றவில்லை என்றால் அன்றைக்குக் கூலி கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தார்கள். கையில் ஒயர் கூடை, கூடையில் சுற்றி முடித்த பீடிக் கட்டுகள், பீடிக் கடையில் போட்டுவிட்டுப் போகிற வழியில் மகளையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு. பிள்ளை என்.எம்.எம்.எஸ். தேறியிருந்தாள். எல்லா விவரமும் அடித்துவிட்டேன், கடைசியில் ஓ.டி.பி. வர வேண்டும். ஆதாரில் இருக்கிற நம்பர் அவள் அப்பாவுடையது, அவர் கேரளாவில் கொத்தனார் வேலையில் இருக்கிறார். அந்த அம்மா போன் போட்டு, "ஏங்க, நம்பர் ஏதாவது வந்திருக்கா பாருங்க" என்று கேட்கிறார்கள். அவர் சாரத்தில் நிற்கிறார், போன் கீழே சட்டைப் பையில் தொங்குகிறது, யாரோ வேறு ஆள் எடுத்துப் பேசுகிறார். அவர் இறங்கி வந்து, கண்ணாடி இல்லாமல் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வதற்குள் நம்பர் காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி காலாவதி. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நாளைக்கு வரலாமா, அம்மைக்கு நேரமாச்சு" என்றாள். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் ராத்திரி அவர் ரூமுக்கு வந்த பிறகு முடித்தோம். நாள் இல்லாத பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி என்ன எழுத.

பாங்க் விஷயம் தனிக் கதை. மைனர் கணக்கு என்றாலே ஏதோ கடன் கேட்டு வந்த மாதிரிப் பார்க்கிற கிளைகள் இருக்கின்றன. அடுத்த வாரம் வா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பான் கார்டு கொண்டு வா. இப்போதெல்லாம் நான் நேரே போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறேன், பத்து வயது தாண்டின பிள்ளைக்குத் தன் பெயரிலேயே அங்கே கணக்குத் தொடங்கலாம். படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை கொடுக்கிற உதவித்தொகையும் இதே போர்ட்டலில்தான். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வருஷம் 2000, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 3000, தொழிற்கல்லூரிப் படிப்பு என்றால் 25,000 வரை. முக்கூடல், வீரவநல்லூர், விக்கிரமசிங்கபுரம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றுகிற ஊர்களுக்கு இங்கே பஞ்சமா? அடையாள அட்டை வீட்டில் ரேஷன் கார்டோடு சேர்த்து மஞ்சள் பையில் கிடக்கும், அதை வைத்துப் பிள்ளைக்குப் பணம் வாங்கலாம் என்று சொல்ல ஆள் இருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ட்ரஸ்ட் என்று சொல்வார்கள், மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண்பிள்ளை, அதற்கு வருஷத்துக்கே 1000 ரூபாய்தான், அந்தத் தொகையை உயர்த்தினால் தேவலை. பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, மாநிலத்தில் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு. தமிழில் ஊறின ஊர் என்று மேடைதோறும் பேசுகிற நம் மாவட்டத்தில் இந்தத் தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு ஒரு பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க எத்தனை பேர் வருகிறார்கள்?

இதற்கு ஊர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, செய்து காட்டின ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். எங்கள் வட்டாரத்திலேயே ஓர் ஊரில் ரிட்டயர்டு கணக்கு சார் ஒருவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் மனத்திறன் பயிற்சி கொடுக்கிறார். ஆரம்பத்தில் அவர் தெருவில் உள்ள சமுதாய மண்டபத்தில் வைத்து நடத்தினார். நல்ல மனுஷர், யாரையும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை, எல்லாரும் வாங்கடே என்றுதான் கூப்பிட்டார். ஆனாலும் வந்ததெல்லாம் அந்த ஒரு தெருப் பிள்ளைகள். எங்கள் பக்கம் தெரு என்றால் சாதி, திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தெருப் பிள்ளை அந்த மண்டபப் படியேறாது, ஏறினாலும் வீட்டில் விட மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தாய்தான் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார், சார், மண்டபம் வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே ஒரு வகுப்பறையைக் கேட்போம் என்று. ஹெச்.எம். சம்மதித்தார், குழுவில் தீர்மானம் போட்டார்கள், வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு மாறியது. அப்புறம்தான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். அதே வாத்தியார், அதே பாடம், அதே கரும்பலகை. நடக்கிற இடம் மட்டும்தான் வேறு.

அடுத்து பசி. மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கணக்குப் போட வேண்டும் என்றால் எப்படி முடியும். முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் தலையைப் பெஞ்சில் வைத்துப் படுத்துவிட்டார்களாம். பக்கத்து டீக்கடைக்காரர் சுண்டல் அவித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டார், கடலைக்கு மட்டும் காசு, அவிக்கிற கூலி வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மளிகைக் கடை கடலை கொடுத்தது. தை மாதம் ஒருத்தர் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து இறக்கினார். வகுப்பு முடிகிற நேரத்துக்கு டவுன் பஸ் போய்விடும், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளை விட ஒரு லோடு ஆட்டோக்காரர், வீட்டுக்குப் போகிற வழிதானே என்று ஏற்றிக்கொண்டு போனார். இதற்கெல்லாம் போட்டோ எடுக்க யாரும் வரவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. அந்தப் பள்ளியில் தேறுகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, தேறாத பிள்ளைகளும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் பார்த்துப் பயப்படவில்லை என்று அங்கே பாடம் எடுக்கிற டீச்சர் சொன்னது.

ஊரில் காசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் கொடை என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, மும்பையில் இருக்கிறவன், சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறவன், துபாயில் இருக்கிறவன் வரை போன் போட்டு வசூலித்துவிடுகிறோம். ஒரு பைசா கணக்கு தவறாது, நோட்டீஸில் பெயர் விட்டுப்போனால் சண்டையே வரும். கொடை நடக்கட்டும், வில்லுப்பாட்டும் மேளமும் இருக்கட்டும், எனக்கும் அது வேண்டும். அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு வரி எழுதினால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். கொடை வரி ஒரு சமுதாயத்துக்குள் போடுகிற வரி. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பரிசும் அப்படியே ஆகிவிட்டது. ஜூன், ஜூலையில் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியாக மண்டபம் பிடித்துக் கல்வி ஊக்கப் பரிசளிப்பு விழா நடத்துகிறது, நம்ம சமுதாயத்தில் முதல் மார்க், இரண்டாம் மார்க் என்று. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பிள்ளைகள் இரண்டு மண்டபத்தில் இரண்டு தலைவர் கையால் இரண்டு கேடயம் வாங்குகிறார்கள். மூன்றாவது பெஞ்சுப் பிள்ளைக்கு, அவன் வீட்டு ஆட்களுக்கு ஊரில் சங்கமும் இல்லை, மண்டபமும் இல்லை என்பதால், ஒன்றுமே கிடையாது. பிள்ளைகளுக்கு இதிலிருந்து என்ன பாடம் போகும் என்று யாராவது யோசித்தோமா? அப்புறம் கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருகிறான் என்று அவனையே குறை சொல்கிறோம்.

நம் மண்ணில் இது புதுசு இல்லை. இதே சேரன்மகாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி இங்கே கொண்டுவந்தது. எல்லாச் சமூகத்தாரும் நன்கொடை கொடுத்தார்கள், காங்கிரஸ் கமிட்டியும் பணம் கொடுத்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று ஆனதும் காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள், 1925-இல் அது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட சண்டையாகி, குருகுலமும் நிலைக்கவில்லை. ஊர் கூடிக் கொடுத்த பணம், பந்தியைப் பிரித்ததால் வீணானது. அது நடந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தப் பையன் அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். அந்த வெட்டுக்குப் பிறகு, பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கையும் வந்துவிட்டது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாம் வேண்டாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கழற்ற வேண்டிய கயிறு பற்றி அறிக்கை இருக்கிறது, பெரியவர்கள் கட்டுகிற மண்டபப் பரிசு பற்றி நாம்தான் பேச வேண்டும்.

சங்கத்துக்காரர்களை நான் விரோதமாகப் பேசவில்லை, என் வீட்டுப் பிள்ளையும் அந்த மேடையில் ஏறியிருக்கிறது. கொடுக்கிற காசை நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். பள்ளி ஆண்டு விழா மேடையில் உங்கள் சங்கத்தின் பெயரையே வாசிக்கச் சொல்லுங்கள், வாங்குகிற பிள்ளை மட்டும் எந்தத் தெருப் பிள்ளையாகவும் இருக்கட்டும்.

இதை டீக்கடையில் பேசினால் ஒரு பதில் உடனே வரும், எல்லாம் கவர்மென்ட்தான் கொடுக்குதே என்று. கொடுக்கிறது, இல்லை என்று யார் சொன்னது. காலைச் சாப்பாடு 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த வருஷமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது, புதுமைப் பெண் திட்டத்தில் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம். ஆனால் எந்தத் திட்டமும் ஆரம்பத்தில் ஊர் கை வைக்காமல் நின்றதில்லை. காமராஜர் மதிய உணவை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கினார், அன்றைக்கு அது நம்ம திருநெல்வேலி ஜில்லா. ஊராரும் பங்கு கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. அப்புறம் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள், பெஞ்சு, கரும்பலகை, மணி, குடிதண்ணீர்ப் பானை வரைக்கும் ஊர் ஜனம் கொண்டுவந்து கொடுத்தது. இன்றைக்குப் பெஞ்சும் சாப்பாடும் அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஓ.டி.பி.யை வாங்கிக் கொடுக்க, கேரளாவில் இருக்கிற அப்பாவுக்குப் பதில் பாங்கில் கூட வந்து நிற்க, சாயங்காலம் ஆட்டோவில் ஏற்றிவிட எந்தத் திட்டமும் வராது. அதற்கு ஊர்தான் வேண்டும்.

வெளியூரில் இருக்கிற பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, பணம் சேர்த்து, பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்டுகிறீர்கள். வளைவு நன்றாகத்தான் இருக்கிறது, பெயர்க் கல்வெட்டும் நன்றாக இருக்கிறது. ஆனால் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டீர்களா? 2022 டிசம்பரில் தொடங்கின நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டத்தில் எந்தப் பள்ளிக்கு, எந்த வேலைக்கு என்று சொல்லியே பணம் அனுப்பலாம். அதற்குத் தலைவராகப் போட்டது டி.வி.எஸ். வேணு சீனிவாசனை, அவர் தாத்தா சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர்தான், அந்த உரிமையிலாவது நாம் அந்தத் திட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநரான நிகார் ஷாஜியின் படம் 2023-க்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆண்டு விழா பேனரில் எல்லாம் இருக்கிறது. ரொம்பச் சந்தோஷம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாயை யார் கொடுப்பது என்பதுதான் என் கவலை. அதற்குக்கூட இரண்டு நாள் தவணை கேட்கிற வீடுகள் இருக்கின்றன. டீச்சர்கள் தங்கள் பையிலிருந்து போடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.

எங்கள் ஊரில் இந்த வருஷம் நாங்கள் ஏழெட்டுப் பேர் பேசியிருக்கிறோம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் சிலர், நான், ஒரு போஸ்ட்மேன், எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டு, உதவித்தொகை பதிவு நடக்கிற மாதங்களில் சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே மேசை போட்டு உட்காரலாம் என்று. ஆதார் பெயரையும் பள்ளிப் பதிவையும் ஏழாம் வகுப்பிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் எட்டாம் வகுப்பில் ஓட வேண்டாம். தேறின பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் போட்டு, யார் யார் எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதி வைத்து, விட்டுப்போனவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வது. லேப்டாப் என் கடையிலிருந்து, நெட் ஒருத்தர் போனிலிருந்து, பிரிண்டுக்குக் காசு வாங்க மாட்டேன். மற்ற ஊர்களிலும் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நான் சொல்வது புரியும். இதில் நமக்கு வியாபார நஷ்டம் ஒன்றும் பெரிதாக வந்துவிடாது.

கடைசியாக உங்களிடம் இரண்டு கேட்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியாவது என்.எம்.எம்.எஸ்., ட்ரஸ்ட், தமிழ்த் திறனறித் தேர்வு ரிசல்ட்டுக்கும் கொடுங்கள், பிள்ளைகள் பெயரைப் பள்ளிவாரியாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேஷன் செய்ய என் கடைக்கு வருவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, விண்ணப்பத் தேதி. இப்போது நாளை கடைசி நாள் என்று போடுகிறீர்கள். அன்றைக்கு மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் உட்கார்ந்து சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஓ.டி.பி. வருவதில்லை, கடை வாசலில் பிள்ளைகள் யூனிபார்மோடு இருட்டும் வரை நிற்கிறார்கள். பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு தடவை, ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு தடவை, என்னென்ன சான்று வேண்டும் என்கிற விவரத்தோடு முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டால் போதும். வருமானச் சான்று கேட்டால் தாலுகா ஆபீஸிலிருந்து கைக்கு வர எப்படியும் சில நாள் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.